மூன்று மாதம் ஆகட்டும் என்றாள்

1

நேற்றுக் காலை நான் குசினியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வளவுப் புதுப்பெண் கிணற்றடிக்கு வந்தாள். கப்பல்துறை என்ற ஊரில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே குடிவந்து அதிக காலம் ஆகவில்லை. வாளியைக் கிணற்றில் இறக்கியவள் திடீரென்று கயிற்றைக் கைவிட்டு வேலியோரம் ஓடினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது நான் வாளியை மேலே எடுத்து வைத்திருந்தேன்.

"கருவாட்டு மணம் அக்கா. முந்தி எனக்கு நல்ல விருப்பம். இப்ப கிட்டப் போக ஏலாமக் கிடக்கு."

"எத்தனை நாளா முழுகாம இருக்கே?" என்று கேட்டேன்.

அவள் முகம் சிவந்தது. "அதெப்பிடி உங்களுக்குத் தெரியும்?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. அவருக்கும் இன்னும் சொல்லேல்ல. மூண்டு மாதம் ஆகட்டும்."

நான் அவளிடம் கொஞ்சம் கடுமையாகவே நடந்துகொண்டேன். "இன்னைக்குச் சாயந்திரம் உன் புருஷன் படலையைத் திறந்ததும் சொல்லு. சோறு போடுறதுக்கு முன்னாடி சொல்லு" என்றேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர்கூட எடுக்காமல் போய்விட்டாள். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பாள். அவள் இப்போது குடியிருக்கும் அந்த ஓலை வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

2

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். திருகோணமலையில் இருக்கிறேன் என்றால் நாகப்பட்டினத்தில் யாரும் என்னைப் பரதேசம் போனவள் என்று எண்ணுவதில்லை. அதே கடல், அதே சிவன், அதே தமிழ், இதில் என்ன கஷ்டம் என்பார்கள். கப்பல் பட்டறையில் தச்சு வேலை என்று என் வீட்டுக்காரர் கூட்டிவந்தபோது நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன்.

வந்த முதல் மாதத்தில் பக்கத்து வீட்டம்மாள் ஒருத்தி, "ஐயோ, எனக்குச் சத்தி வருது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். அவள்மேல் அம்மன் இறங்குகிறாள் என்று நான் வேப்பிலை ஒடிக்க ஓடினேன். இங்கே சத்தி என்றால் வாந்தி. அந்த வேப்பிலைக் கதையைச் சொல்லிச் சொல்லி இந்தத் தெரு இரண்டு வருஷம் சிரித்தது.

அதைவிடப் பொல்லாதது 'பேசுவது'. நாம் ஊரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். இங்கே கதைப்பார்கள். பேசினால் அது ஏச்சு. "உங்க அம்மாகிட்ட நான் பேசுறேன்" என்று ஒரு பெண்ணிடம் அன்பாகச் சொல்லிப் பாருங்கள், அவள் அழுவாள். இந்த ஒரு சொல் ஒருநாள் என்ன செய்தது என்று பின்னால் வரும்.

என் மகள் செல்வி இங்கே பிறந்தவள். "கடையில நீங்கள் வாய் திறக்காதேங்கோ அம்மா, எல்லாரும் சிரிக்கினம்" என்பாள். நம்ம ஊருக்குப் போய்விடலாமா என்று கேட்டால், "அது உங்கட ஊர்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்கு இது ஊர். ஆனால் அரிசிக் கூப்பன் பதியப் போகும்போது சர்க்கார் கந்தோரில் இருக்கிற ஐயா என்னைப் பார்த்து, "நீங்கள் எப்ப திரும்பிப் போறீங்கள்?" என்று தவறாமல் கேட்பார். போன பிறகுதான் எனக்கு அரிசி கிடைக்கும் என்பதுபோல அந்தக் கேள்வி இருக்கும். ஊரிலிருந்து வருகிறவர்களோ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னடி, சிலோன்காரி மாதிரிப் பேசுறே" என்கிறார்கள். இரண்டு கரையிலும் நான் விருந்தாளி.

3

பூமணி அந்த ஓலை வீட்டுக்கு வந்தபோது போர் தொடங்கிவிட்டிருந்தது, ஆனால் எங்கள் பக்கம் வரவில்லை. அவள் இலங்கைத்துறைப் பெண். குடாவுக்குத் தெற்கே, மூதூரையும் தாண்டிப் போகவேண்டிய ஊர். புருஷன் கதிரவேலு பட்டினத்துக்கு வடக்கே சல்லி என்ற மீனவ ஊர்க்காரன். தகப்பன் கடலோடு போனபிறகு தாய் தெய்வானை ஒற்றைப் பிள்ளையாக வளர்த்தவன். வலையைவிடத் துறைமுகத்தில் நிலையான கூலி கிடைக்கிறது என்று அவன் சரக்கு வள்ளத்தில் வேலைக்குச் சேர்ந்தான். தாய் சல்லியிலேயே இருந்தாள். புதுத் தம்பதிகள் எங்கள் கிணற்றைப் பங்குபோட்டுக்கொண்டு இங்கே இருந்தார்கள். இருவரும் விளையாட்டுப் பிள்ளைகள்போலச் சண்டை போடுவார்கள், அதே வேகத்தில் சிரிப்பார்கள்.

மாசி மாதம் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது. ஆட்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று, கூலிக்கு ஆள் பிடித்த கொந்தராத்துக்காரர்கள் துறைமுகத்துக்குள் வேலை செய்தவர்களை வெளியே விடவில்லை. உள்ளேயே வேலை, உள்ளேயே படுக்கை. என் வீட்டுக்காரரும் உள்ளே மாட்டிக்கொண்டார். நானும் பூமணியும் என் மகளும் ஒரே வீட்டில் பாய் போட்டுப் படுத்தோம்.

அப்போதுதான் நான் கவனித்தேன். முதலில் அவளுடைய தூக்கம். தேங்காய் துருவ உட்கார்ந்தவள் பாதித் தேங்காயைக் கையில் பிடித்தபடியே பகல் வேளையில் தூங்கிவிழுந்தாள். பிறகு மணங்கள். துறைமுகத்திலிருந்து காற்றில் வரும் தார் வாசனை எங்களுக்கெல்லாம் பழகிப்போனது. அவள் அதற்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினாள். தண்ணீர் இறைக்கும்போது ஒரு கையை மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொண்டாள், கயிறு உரசினால் நோகிறது என்று. வாயில் செப்புக் காசை வைத்ததுபோல ஒரு ருசி என்றாள். சோற்றைத் தள்ளிவிட்டுப் பச்சையரிசியைக் கொறித்தாள். ஒதுங்கி உட்காரவேண்டிய நாள் வந்தது, போனது. அவள் உட்காரவில்லை. மறு மாதமும் அப்படியே.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. அந்த வழியில் நான் மூன்று முறை போயிருக்கிறேன். ஒருமுறைதான் பிள்ளையோடு திரும்பினேன். மற்ற இரண்டுக்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் என் உடம்பில் இதே அடையாளங்களைத் தேடித் தேடிப் பார்த்து ஏமாந்தவள். அவளிடம் அவை கேட்காமலே வந்து நின்றபோது ஒரு கணம் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அவளுக்கோ ஒன்றும் புரியவில்லை. காய்ச்சல்தான் உள்ளே ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டு, தெருவில் கொடுத்த கொயினாக் குளிசையை வாயில் போடப் போனாள். நான் அதைத் தட்டிவிட்டேன்.

"ஏனக்கா?"

"இது காய்ச்சல் இல்லடி. பிள்ளை."

என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அழுகையாயிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் சொன்னது இதுதான்:

"ஆருக்கும் சொல்லாதேங்கோ அக்கா. என்ர அம்மா முதல் ரெண்டையும் அவசரப்பட்டு ஊருக்குச் சொல்லித்தான் அழிஞ்சுபோனதெண்டு சொல்லுறவ. மூண்டு மாதம் ஆகட்டும்."

"உன் மாமியாருக்கு வேணாம். ஊருக்கு வேணாம். அவருக்குச் சொல்லணும் இல்லையா?"

"அவருக்கு நான்தான் சொல்லுவன். அவர் வீட்டை வந்தவுடன, முகத்தைப் பார்த்துச் சொல்லுவன்."

4

கிழமைக்கு ஒருநாள் துறைமுக வாசலில் பெண்கள் சோறு கொண்டுபோய்க் கொடுக்க விடுவார்கள். முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் துப்பாக்கியோடு ஒரு காவல்காரன். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக் கதைப்பார்கள். மாடு சுகமா, கூரை ஒழுகுகிறதா, பிள்ளைக்கு இருமல் விட்டதா.

அன்று கதிரவேலு கம்பியோரம் வந்து நின்றான். கறுத்து, மெலிந்து போயிருந்தான். பூமணியைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"ஏன் முகம் வாடிக் கிடக்கு?"

"வெயில்."

"ஒழுங்காச் சாப்பிடுறியோ?"

"ஓம்."

"என்னவோ சொல்ல வந்த மாதிரி நிக்கிறாய்."

பூமணி சுற்றிப் பார்த்தாள். இரண்டு தோளிலும் இடித்துக்கொண்டு பெண்கள். காவல்காரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பின்னாலிருந்து அவள் இடுப்பில் கிள்ளினேன், சொல்லு சொல்லு என்று.

"வீட்டுக்கு வாங்கோ. சொல்லுறன்."

"வருசப் பிறப்புக்கு விடுவாங்களாம். நல்ல கதையோ, கெட்ட கதையோ?"

"வந்தால் தெரியும்."

அவன் சிரித்துக்கொண்டே சோற்றை வாங்கிக்கொண்டு போனான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். வழியெல்லாம் நான் அவளைத் திட்டினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டேன். அவள் வெட்கத்தோடு சொன்னாள்: "அத்தினை பேருக்கு நடுவில எப்பிடி அக்கா? இது கூவி விக்கிற சாமானோ?"

என் வீட்டுக்காரர் மூலமாகவாவது சொல்லி அனுப்பலாம் என்றேன். "இதை ஆள் விட்டுச் சொல்லுறதோ?" என்றாள். வருஷப் பிறப்புக்கு நாள் அதிகம் இல்லை. அவள் பொறுத்திருக்கத் தயாராக இருந்தாள். அவனுக்குப் பிடித்த பயற்றம்பணியாரத்துக்குப் பயறுகூட வறுத்து வைத்தாள். வறுக்கும் வாசனை தாங்காமல் நடுவில் மூன்று முறை எழுந்து ஓடினாள்.

5

வருஷப் பிறப்புக்கு முன்பே குண்டு விழுந்தது.

காலையில் விமானம் வருகிறதென்று எச்சரிக்கும் ஊதல் ஊதியது. பழக்கத்தில் யாரும் ஓடவில்லை. பிறகு கடல் பக்கமிருந்து விமானங்கள் வந்தன. எங்கள் பானைகள் தாமாகவே நடந்து அடுப்பிலிருந்து விழுந்தன. மகளை நான் இழுத்துக்கொண்டு, பூமணி என் சேலையைப் பிடித்துக்கொண்டு, பற்றைக்காட்டுக்குள் போய் முகம் குப்புற விழுந்தோம். பூமணி மட்டும் குப்புறப் படுக்கவில்லை. முழங்காலை மடித்து, வயிற்றைச் சுற்றி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அந்த நேரத்திலும் அது என் கண்ணில் பட்டது.

சீனன்குடாப் பக்கம் எண்ணெய் எரிந்த புகை பல நாள் வானத்தை மூடிக் கிடந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் நடந்து வந்தார். ஒரு காது கேட்கவில்லை. அவரை வீட்டுக்குள் வரச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. அவர் பின்னால் இன்னொருவன் வருகிறானா என்று நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் பூமணியைப் பார்த்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

கதிரவேலு இருந்த வள்ளத்தில் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லையாம். எரிக்க உடம்பு இல்லை.

பூமணி அன்று அழவில்லை. என் காதருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல மெதுவாகக் கேட்டாள்: "நல்ல கதையோ, கெட்ட கதையோ எண்டு கேட்டவர். நல்ல கதை எண்டாவது சொல்லியிருக்கலாமோ அக்கா?"

6

ஊர் காலியாயிற்று. சல்லியிலிருந்து தெய்வானை மாமி மாட்டுவண்டியோடு வந்தாள். திரியாயில் அவளுக்குச் சொந்தக்காரர் இருந்தார்கள். மருமகளை ஏற்றிக்கொண்டாள். "நீயும் பிள்ளையும் இஞ்ச தனியக் கிடந்து என்ன செய்யப் போறியள், ஏறு" என்று என்னையும் ஏற்றிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் காட்டிய மனதை நான் மறுக்கமாட்டேன். வீட்டுக்காரர் வேலைக்கே திரும்பிப் போனார்.

திரியாயில் பூமணி சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. துக்கம் என்றார்கள் எல்லோரும். தெய்வானை மாமி இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, "என்ர பிள்ளைக்காக நீ சாகாத, மகள்" என்று அழுதாள். ஒரே பாயில் படுத்து மருமகளைக் கட்டிக்கொண்டு தூங்கினாள்.

நான் பூமணியிடம் சொன்னேன்: "இனி மறைக்காதே. மாமியாருக்கு இதைவிட ஆறுதல் ஏது?" அவளும் சரி என்றாள். காரியம் முடிந்து வீட்டில் சாந்தியானதும் சொல்வதாக இருந்தாள். அதற்குள் அந்த வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி ஒருத்தி பூமணியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும், "இது துக்கமில்லை, வயித்தில பிள்ளை" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

தெய்வானை மாமியின் முகம் முதலில் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன். பிறகு அவள் மனதுக்குள் மாதங்களைக் கூட்டிக் கழிப்பதும் தெரிந்தது.

"என்ர பிள்ளை மாசியில உள்ள போனவன்" என்றாள். "பிறகு வெளிய வரேல்ல."

"அதுக்கு முந்தினது மாமி" என்றாள் பூமணி.

"அப்பிடியெண்டால் வயிறு இப்ப தெரிய வேணுமே. எங்க?" அவள் பூமணியின் வயிற்றைப் பார்த்தாள். பட்டினியில் ஒட்டிக் கிடந்தது. "அவனுக்குத் தெரியுமோ?"

"சொல்லேல்ல."

"வாசலில போய்ச் சோறு குடுத்தனி. அவனோட கதைச்சனி. ஏன் சொல்லேல்ல?"

பூமணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வெட்கம் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? அந்த வயதில் தாங்களும் இப்படியே மறைத்தவர்கள்தான் அங்கே சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும். ஒருத்தியும் அவளுக்காக வாய் திறக்கவில்லை. மூலையில் இருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: "டவுன் முழுக்க ஆமிக்காரர். தனியா இருந்த பெட்டை."

நான் முன்னால் போனேன். "எனக்குத் தெரியும் அத்தை. குண்டு விழறதுக்கு முன்னாடியே நான் பார்த்தேன். ரெண்டு மாசம் அவ ஒதுங்கி உட்காரலை. கொயினாவை நான்தான் தட்டிவிட்டேன்."

"உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதோ?"

"யாருக்கும் சொல்லாதேன்னா. இப்ப நான் உங்ககிட்டப் பேசுறேன், கொஞ்சம் கேளுங்க..."

அந்தச் சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. தெய்வானை மாமி எழுந்து நின்றுவிட்டாள்.

"பேசப் போறியோ? என்ர பிள்ளையைக் குடுத்திட்டு இருக்கிறன், எனக்குப் பேசப் போறியோ? எங்கயோ கிடந்து வந்தவள், நான் ஏத்திக்கொண்டு வந்து சோறு போட, என்ர முகத்துக்கு முன்னால நிண்டு எனக்குப் பேசப் போறாளாம்!"

அப்படியில்லை, எங்கள் ஊரில் பேசுவது என்றால் வேறு என்று நான் சொல்லச் சொல்ல யாரும் கேட்கவில்லை. என் மகள் செல்வி என் கையை இழுத்து, "கதைக்கிறது எண்டு சொல்லியிருக்க வேணும் அம்மா" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். என் சாட்சி அதோடு முடிந்தது. ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருந்தால் மட்டும் நம்பியிருப்பார்களா என்று கேட்டால், இல்லை. நம்பாமலிருக்க அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நான் அதைக் கொடுத்தேன்.

பூமணியை அவர்கள் அடிக்கவில்லை, துரத்தவில்லை. அன்றிலிருந்து அவளுடைய சோறு வாசலுக்கு வெளியே வைக்கப்பட்டது. பாய் மாட்டுக்கொட்டிலோரம் போயிற்று. ஒரு நாள் காலை அவள் என்னிடம், "என்ர அம்மாவிட்டப் போகப் போறன் அக்கா" என்றாள். தெய்வானை மாமியிடம் போய்ச் சொன்னாள். மாமி திரும்பிப் பார்க்காமல் ஒரே சொல் சொன்னாள்: "போ."

7

இலங்கைத்துறைக்குப் போகக் குடாவைக் கடக்கவேண்டும். போர்க்கப்பல்கள் நிற்கும் தண்ணீர். அதைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். திருகோணமலைக்குத் திரும்பி, இருவரும் கந்தோர் வாசலில் போய் நின்றோம். உள்ளே ஒரு வெள்ளைக்காரத் துரை. பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர், கடைத்தெருவில் கேட்டுப் பழகிய அரைத் தமிழ்க்காரர்.

எதற்காகப் போகவேண்டும் என்று கேட்டார். பூமணி தலை குனிந்து நின்றாள். நான்தான் சொன்னேன், எங்கள் மரியாதைப்படி மெதுவாக: "இந்தப் பொண்ணு முழுகாம இருக்கா. தாய்வீட்டுக்குப் போகணும்."

அவர் துரையிடம் ஏதோ சொன்னார். துரை பூமணியைப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டுச் சிரித்தார். மொழிபெயர்ப்பாளர் என்னிடம், "குளிக்கிறதுக்கு அங்க ஏன் போறது? இங்க கிணறு இல்லையா?" என்று கேட்டார்.

பூமணியின் முகம் கழுத்து வரை சிவந்தது. நான் சத்தமாக, வரிசையில் நின்ற அத்தனை ஆண்களுக்கும் கேட்கும்படி, "வயித்துல பிள்ளை!" என்றேன். புருஷனிடம் கம்பிக்கு அப்பால் சொல்லக் கூச்சப்பட்டு அவள் அடக்கிவைத்த சேதி, முன்பின் தெரியாத ஆண்கள் நடுவில் இப்படி ஏலம் போயிற்று.

துரை எட்டி அவள் வயிற்றைப் பார்த்தார். ஏதோ சொன்னார். "ஒண்ணும் தெரியலையாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "தெரிஞ்ச பிறகு வரட்டுமாம். டாக்டர் எழுதித் தந்தால் கொண்டுவரட்டுமாம்." ஊரில் அப்போது இருந்த டாக்டர்கள் எல்லோரும் பட்டாளத்து டாக்டர்கள். அவர்களிடம் போக இன்னொரு சீட்டு வேண்டும்.

மாமியாருக்கும் அந்த வயிறு போதவில்லை, அரசாங்கத்துக்கும் போதவில்லை.

கடைசியில் விறகு ஏற்ற அனுமதி வைத்திருந்த மூதூர்த் தோணிக்காரர் ஒருவர் கரையில் எங்கள் கதையைக் கேட்டார். தாடியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "விறகுக்குப் பக்கத்தில இருங்கோ தங்கச்சி. கேட்டால் என்ர மருமகள் எண்டு சொல்லுறன்" என்றார். பூமணி ஏறிக்கொண்டாள். தோணி நகர்ந்தபோது அவள் அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஓங்காளித்தாள். கரையில் நின்று நான்தான் அழுதேன்.

8

திரியாயிலும் சல்லியிலும் கதைத்தவர்கள், பிள்ளை மார்கழியில் பிறக்கும், தையில் பிறக்கும் என்று காத்திருந்தார்கள். அது ஐப்பசி மழையோடு பிறந்தது. பெண். கதிரவேலு மாசிக்கு முன் வீட்டில் இருந்தபோது உண்டானது என்பதற்கு இனி யார் சாட்சியும் தேவைப்படவில்லை. என்னை நம்பாதவர்கள் பஞ்சாங்கத்தை நம்பினார்கள். ஆனால் அந்தப் பேச்சைப் பேசிய ஒருவரும் இலங்கைத்துறைப் பக்கம் போய் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஊர் மெதுவாக வாயை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

போன மாதம் தெய்வானை மாமி என் வாசலில் வந்து நின்றாள். நான் திடுக்கிட்டுப்போனேன். ஆள் பாதியாகிவிட்டாள். கையில் ஒரு சீலைப் பை. கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அங்க போய் வந்தவை சொல்லுகினம், பிள்ளை அப்பிடியே அவனாம்" என்றாள். "சிரிக்கிறது, நிக்கிறது, எல்லாம் அவனாம். நான் தனியப் போனால் அவள் படலை திறக்கமாட்டாள். நீ என்னோட வா பிள்ளை. உனக்கு அவள் மறுக்கமாட்டாள்."

போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். அந்த மாட்டுக்கொட்டில் பாய் என் கண்ணில் நின்றது. ஆனால் பூமணியைப் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது. இப்போது சீட்டு அவ்வளவு கெடுபிடியில்லை. போனோம்.

பூமணி முற்றத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்துச் சொச்ச வயதிலேயே முகம் இறுகியிருந்தது. என்னைக் கண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எனக்குப் பின்னால் நின்றவளைக் கண்டதும் கைகள் தளர்ந்தன. ஆனாலும், "வாங்கோ" என்றாள் இருவருக்கும் பொதுவாக. பாய் விரித்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

பிள்ளை வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. மூன்றாவது வயது நடக்கிறது. சொன்னது பொய்யில்லை. பல்லெல்லாம் தெரிய அது சிரித்தபோது, முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவனையே பார்த்தேன். தெய்வானை மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பையைத் திறந்து ஒரு சின்னச் சட்டையையும் பனங்கட்டியையும் எடுத்து நீட்டினாள். பிள்ளை தாயைப் பார்த்தது. தாய் வலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிள்ளை வாங்கவில்லை.

"என்ர பிள்ளைன்ர பிள்ளை" என்று மாமி அழுதாள். "நான் மடைச்சி. அந்த நேரம் எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. பிள்ளையை மட்டும் நான் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லேல்ல. நீயும் வா. சல்லி வீடு உங்களுக்குத்தான். நான் செத்தால் ஆர் எனக்கு?"

பூமணி வலை முடிச்சைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவருக்கு நான் சொல்லேல்ல மாமி. அது என்ர குறை. சொல்ல முதல் அவர் போயிட்டார். உங்களுக்குச் சொன்னனான். நீங்கள் உயிரோட இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தீங்கள்."

மாமி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. சொல்வதற்கு எந்த ஊர்த் தமிழிலும் என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

மத்தியானம் பூமணி சமைத்தாள். மீன் குழம்பு, சுண்டல், மோர். இரண்டு பேருக்கும் உள்ளே, பாயில் உட்காரவைத்து இலை போட்டுப் பரிமாறினாள். மாமிக்கு இரண்டாம் முறையும் சோறு வைத்தாள். மாமி தலை நிமிராமல் சாப்பிட்டாள். கண்ணீர் இலையில் விழுந்தது. பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தாயின் சேலையை இழுத்தது.

"அம்மா, ஆரிது?"

மாமியின் கை சோற்றிலேயே நின்றது.

பூமணி குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சல்லியிலயிருந்து வந்தவ, மகள்" என்றாள். "சாப்பிட்டிட்டுப் போயிடுவா."